ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளை ஆட்டம் பாட்டோடு சொன்னால் கதை அடிபட்டுப் போகாதா?

ஏதோ பள்ளி விழாவுக்கு நாடகம் தயார் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கானாவின் அகான் மக்கள் சொல்லும் அனான்சி கதைகளைப் பொறுத்தவரை, பாட்டை எடுத்தால்தான் கதை அடிபடும்.

அக்ராவில் ஒரு பள்ளியில் சில வருடங்கள் ஆசிரியையாக இருந்தேன். உடன் வேலை பார்த்த, அகான் மக்களில் ஒரு பிரிவான ஃபாண்டி இனத்து ஆசிரியை ஒருவர் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். ஒருநாள் பானைக் கதை. உலகத்து அறிவு முழுவதும் தனக்கே வேண்டும் என்று சிலந்தி அனான்சி அதைப் பானையில் அடைத்து, வயிற்றில் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறான். பானை இடிக்கிறது, ஏற முடியவில்லை. அந்த இடத்தில் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நிறுத்துங்க மேடம், அன்னிக்கு நானும் அங்கே இருந்தேன்!" என்றான். எனக்குத் திக்கென்றது. அவரோ உடனே நிறுத்தி அவனுக்கு வழிவிட்டார். அவன் பாட்டெடுத்தான், மொத்த வகுப்பும் பின்பாட்டு, மேசைதான் மேளம். முழங்காலை அகட்டி, இல்லாத பானையைச் சுமந்தபடி ஏறி ஏறிச் சறுக்கி அவன் ஆடியதில் அனான்சியின் பேராசை மொத்தமும் தெரிந்தது. பாட்டு ஓய்ந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "முதுகில் கட்டிக்கோ அப்பா" என்கிறான் மகன் ந்திகுமா. இந்தப் பொடியனுக்கு இருக்கும் அறிவு தனக்கில்லையே என்ற ஆத்திரத்தில் அனான்சி பானையைக் கீழே போட, அறிவு ஊருக்கெல்லாம் போய்ச் சேர்கிறது.

இப்படிக் கேட்பவர்கள் குறுக்கே புகுந்து பாடுவதை ம்மொகுவோ என்கிறார்கள். கானாவின் நாடகாசிரியர் எஃபுவா சதர்லாந்து தன் நாடகத்திலேயே இதற்கு இடம் வைத்தார். 1960-களில் அட்வியா கிராமத்து மக்களோடு சேர்ந்து கதைக்கென்றே ஓர் அரங்கு எழும்பவும் துணை நின்றார்.

உடனே சிலர், "ஆப்பிரிக்கா என்றாலே ஆட்டம்தானா?" என்று சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்தது அகான் வழக்கம் மட்டும். மாலியில் ஜெலிகள் எனப்படும் பரம்பரைப் பாணர்கள் 21 தந்திகள் கொண்ட கோராவை மீட்டிக்கொண்டு சுந்தியாட்டா மன்னனின் கதையைச் சொல்வது வேறு மரபு. அதற்குள் யார் வேண்டுமானாலும் புகுந்து பாடிவிட முடியாது.

சரி, மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பானைக் கதையை ஆண்டு விழாவில் போட்டபோது, நேரமில்லை என்று நிர்வாகம் பாட்டுகளை வெட்டி, ஒலிபெருக்கியில் பதிவு செய்த இசையைப் போட்டது. சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு மட்டும் நேரம் இருந்தது. அந்த ஆசிரியைக்கு மேடையில் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பாட்டும் ஆட்டமும் சொல்லித்தருபவர் என்றால் கணக்கு ஆசிரியரைவிட ஒரு படி கீழேதான் என்று அவர்கள் நினைத்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் செய்யும்போது பதிவு இசை வேண்டாம். இரண்டு வரிப் பல்லவி போதும், அதை முதலிலேயே பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அப்புறம் அனான்சி மரத்தில் பாதி ஏறியதும், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று எழுந்து நிறுத்தட்டும்.