வெளியூர் ஆட்டத்துக்கு 180 பவுண்டு டிக்கெட்: வாங்கலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகன். திருச்சியிலிருந்து அப்பா ஒரு மாதம் என்னோடு தங்க வருகிறார். வயது 63, மூட்டுவலி உண்டு. நியூகாசிலில் ஆர்சனல் ஆடும் பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடர்) ஆட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போக ஆசை. வெளியூர் ரசிகர்கள் பகுதியில், அதாவது வரும் அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய இடத்தில், இரண்டு இருக்கை, தலா 180 பவுண்டு என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். இன்றைக்குள் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். நம்பலாமா? ரயில், மற்ற ஏற்பாடுகள் எப்படிச் செய்வது?

பதில்: அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், இதற்கு மேல் படிக்காமல் முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். வங்கிப் பரிமாற்றத்தில் ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் அதில் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். இரண்டு டிக்கெட்டுக்கும் பாதி என்று நீங்கள் அனுப்பும் 180-இல் 80 மட்டுமே திரும்பி வந்தாலும் வியப்பில்லை. பணம் வெளிநாட்டுக் கணக்குக்குப் போயிருந்தால் இந்த விதியும் பொருந்தாது.

அந்த விலையே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் விற்கக் கூடாது. 2016-17 பருவத்தில் வந்த உச்சவரம்பு இது. மைதானம் எவ்வளவு பெரியதானாலும், எதிரணி யாரானாலும் இதே கணக்குதான். ஆகவே 180 என்பது கிளப் சொன்ன விலை இல்லை. இடையில் ஒருவர் ஆறு மடங்கு ஏற்றிச் சொல்வது. அல்லது டிக்கெட்டே இல்லாமல் சொல்வது. அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

வெளியூர் இருக்கைகள் ஏன் இவ்வளவு அரிது என்று புரிந்தால் இந்த வலையில் விழ மாட்டீர்கள். வரும் அணிக்கு 3,000 டிக்கெட் ஒதுக்க வேண்டும் என்பது லீக் விதி. சிறிய மைதானம் என்றால் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அந்த 3,000-ஐ ஆர்சனல் தன் ரசிகர்களுக்கே விற்கிறது, நியூகாசில் விற்பதில்லை. சீசன் டிக்கெட் வைத்திருந்து, பல ஆண்டுகள் ஊர் ஊராக ஆட்டம் பார்க்கப் போய், அதற்குக் கிளப் தரும் புள்ளியைச் சேர்த்தவர்கள்தான் வரிசையின் முன்னால் நிற்பார்கள். போன மாதம் உறுப்பினர் கட்டணம் கட்டியவருக்கு வாய்ப்பு அநேகமாக இல்லை. இங்கே பணம் பேசாது, போன ஆட்டங்களின் எண்ணிக்கைதான் பேசும். அப்படிச் சேர்த்த புள்ளியைப் பணயம் வைத்து முன்பின் தெரியாத உங்களுக்கு ஒருவர் எதற்காக விற்க வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். மாட்டினால் அவருடைய உறுப்பினர் கணக்கே போய்விடும்.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் மாணவர்கள் திரும்பத் திரும்ப விழுவது இங்கேதான்.

முதல் வகை, படம் பிடித்து அனுப்புவது. கைப்பேசி டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இதோ பாருங்கள், அசல்" என்பார்கள். பல மைதானங்களில் இப்போது கதவில் கைப்பேசியைத் தொட வைத்தால்தான் திறக்கும். டிக்கெட் அந்தப் போனுக்குள் இருக்க வேண்டும். அதன் படத்துக்குக் கதவு திறக்காது. ஒரே படத்தை இருபது பேருக்கு விற்றுவிட்டுக் குழுவைக் கலைத்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வகை, போனையே இரவல் தருவது. மைதானத்துக்கு வெளியே ஒரு பழைய போனைக் கையில் கொடுத்து, அதற்குத் தனியாக வைப்புத்தொகை வாங்கிக்கொள்வார்கள். கதவு திறந்தாலும் திறக்கலாம். ஆனால் அந்த டிக்கெட் வேறொருவர் பெயரில் இருக்கும். வெளியூர் பகுதியில் ஊழியர்கள் திடீரென்று அடையாள அட்டை கேட்பது இப்போது சகஜம். உங்கள் பெயர் ஒன்று, டிக்கெட்டில் பெயர் வேறொன்று என்றால் வெளியே அனுப்புவார்கள். வைப்புத்தொகை வாங்கியவர் அங்கே நின்றுகொண்டிருக்க மாட்டார்.

மூன்றாம் வகை, பளபளப்பான இணையதளம். "150 சதவீத உத்தரவாதம்" என்று எழுதியிருக்கும். நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு நாட்டில். ஆட்டத்துக்கு முந்தைய நாள், "உங்கள் டிக்கெட் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் இது" என்று உள்ளூர் ரசிகர் பகுதியில் ஓர் இருக்கை வரும். அதுவும் ஆபத்துதான். நியூகாசில் ரசிகர்கள் நடுவில் ஆர்சனல் கோலுக்கு எழுந்து கை தட்டினால் போதும், மைதான ஊழியர் வந்து இருவரையும் வெளியேற்றிவிடுவார். சட்டையை மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுக்கும். அப்பாவோடு அந்த நிலைமை வேண்டாம்.

பணம் கேட்கும் விதத்தையும் கவனியுங்கள். வங்கிப் பரிமாற்றம், அல்லது பேபாலில் நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொல்வார்கள். அந்த வழியில் பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. "இன்றைக்குள்" என்ற அவசரமே அவர்களுடைய முதல் கருவி.

இன்னொன்று. பாட்டுக் கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது போலத்தான் இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி குற்றம். லாபம் வைக்காமல் அசல் விலைக்கு விற்றாலும் குற்றம்தான். குற்றவாளி விற்றவர், வாங்கியவருக்கு அந்தப் பிரிவில் தண்டனை இல்லை, டிக்கெட் செல்லாது என்பதுதான் இழப்பு. சட்டம் வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் மைதான வாசலில் ஆள் நின்று விற்கிறான், வெளிநாட்டுத் தளம் தேடுபொறியில் விளம்பரம் கொடுத்து விற்கிறது. கதவில் பிடிபட்டு நிற்பதோ வாங்கின ரசிகன். இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் கிளப்புகளும் லீகும். அவர்கள் எச்சரிக்கை வாசகத்தை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

சரி, முறையான வழியிலேயே, ஆர்சனல் விதிகள் அனுமதிக்கும் விதத்தில், உங்களுக்கு இரண்டு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அந்த இடம் ஒத்துவருமா என்பதுதான் அடுத்த கேள்வி.

நியூகாசிலின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் ரசிகர்களை உட்காரவைப்பது ஏழாவது தளத்தில், கூரைக்குக் கீழே. அங்கே போக 14 அடுக்குப் படிக்கட்டு ஏற வேண்டும். வாலிபர்களே மூச்சு வாங்கி நிற்பார்கள். மூட்டுவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. ஆட்டம் முடிந்து 3,000 பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஏற முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு. இந்த ஒரு விதிவிலக்கை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசலில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டிக்கெட் உறுதியானவுடன் ஆர்சனலின் மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலருக்கு எழுதுங்கள்: எந்த ஆட்டம், எந்த இருக்கை, என்ன உடல்நிலை, கூட வருபவர் யார். அவர்கள் நியூகாசிலுக்குத் தெரிவிப்பார்கள். பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி பற்றி மருத்துவர் தந்த கடிதம் ஆங்கிலத்தில் ஒன்று இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத்தான் மின்தூக்கி என்று வாசல் ஊழியர் ஒருவர் சொல்லக்கூடும். அந்தக் கடிதமும் பதிலும் அப்போதுதான் கைகொடுக்கும். இறங்கும்போதும் மின்தூக்கிக்குக் காத்திருக்க நேரம் ஒதுக்குங்கள்.

மின்தூக்கி மேலே கொண்டுபோய்விடும், ஆனால் உட்காரவைக்காது. இங்கிலாந்து முழுக்க வெளியூர் பகுதியில் இருக்கை இருந்தாலும் எல்லோரும் ஆட்டம் முழுக்க நிற்பார்கள். அப்பா உட்கார்ந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். இடைவேளையும் சேர்த்து இரண்டு மணி நேரம் அவரால் நிற்க முடியுமா? முடியாது என்றால் உட்கார்ந்து பார்க்கும்படியான இடத்தை அதே கடிதத்தில் கேளுங்கள். அது இல்லை என்று பதில் வந்தால் இந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

ரயில் விஷயத்தில் ஒரு விதி: தொலைக்காட்சிக்கான ஆட்டங்கள் அறிவிக்கப்படும் வரை முன்பதிவு செய்யாதீர்கள். அட்டவணையில் சனி மாலை 3 மணி என்று இருப்பது தற்காலிகம். ஒளிபரப்புக்காக வெள்ளி இரவு 8, சனி 12.30, சனி 5.30, ஞாயிறு 2 அல்லது 4.30, திங்கள் இரவு 8 என்று எங்கு வேண்டுமானாலும் நகர்த்துவார்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் முன்பே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் ஆட்டம் நகர்ந்தது என்பதற்காகப் பணம் திரும்பாது. ரயில் ஓடத்தானே போகிறது என்பது ரயில் நிறுவனங்களின் வாதம். கிளம்பும் முன் நேரம் மாற்றலாம், கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டி. லண்டன் ரசிகர்கள் சனி 12.30 ஆட்டத்துக்கு விடியுமுன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, திங்கள் இரவு ஆட்டம் முடிந்தால் ஊர் திரும்ப ரயிலே இல்லை. காசு கொடுத்து வருகிற மனிதனை இப்படி நடத்துவது அநியாயம், அதைப் பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

மான்செஸ்டரிலிருந்து நியூகாசிலுக்கு டிரான்ஸ்பென்னைன் ரயில் லீட்ஸ், யார்க், டர்ஹம் வழியாக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நீங்களும் அப்பாவும் சேர்ந்தே போவதால் "டூ டுகெதர்" ரயில்கார்டு வாங்குங்கள். இருவர் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவர் படமும் வேண்டும், இருவரும் ஒன்றாகவே பயணிக்க வேண்டும், வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. இரவு 8 மணி ஆட்டம் என்றால் நியூகாசிலில் தங்க அறை எடுங்கள், கடைசி ரயிலை நம்பி ஓட வேண்டாம்.

மைதானம் ஊர் நடுவில் இருக்கிறது, சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடையில் கால் மணி நேரம். முதியவரோடு என்றால் மெட்ரோவில் செயின்ட் ஜேம்ஸ் நிறுத்தம் வாசலிலேயே. சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்: கிரெய்ஞ்சர் மார்க்கெட்டில் கடைகள் உண்டு, ஞாயிறு என்றால் திறந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள், ஸ்டோவெல் தெருவில் சீன உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. மைதானத்துக்குள் மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை' (pie), பர்கர், சிப்ஸ்தான், ரொக்கம் இல்லை, வங்கி அட்டைதான் செல்லும். ஏ4 தாளைவிடப் பெரிய பை பெரும்பாலான மைதானங்களில் உள்ளே போகாது. ஆகவே துணிமணி வைத்த பயணப் பையோடு நேராக வராதீர்கள். ஏழாவது தளத்தில் காற்று வெட்டும். அப்பாவுக்கு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு, குல்லா, கையுறை. ஆர்சனல் துண்டை உள்ளே போன பிறகு கழுத்தில் போட்டால் போதும். ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மதுவோடு வரக் கூடாது, ரசிகர் பேருந்தில் மது கொண்டுபோகவே கூடாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம். புகைக்குண்டு, பட்டாசு வைத்திருப்பது குற்றம், மாணவர் விசாவுக்கும் கேடு. யாராவது கையில் திணித்தாலும் வாங்காதீர்கள்.

இனி என் யோசனை. நீங்கள் இருப்பது மான்செஸ்டர். ஆர்சனல் பெண்கள் அணி ஒவ்வொரு பருவமும் உங்கள் ஊருக்கே வெளியூர் ஆட்டம் ஆட வருகிறது, மான்செஸ்டர் சிட்டியோடும் யுனைடெட்டோடும். 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையை எடுத்த அணி அது. புள்ளி சேர்த்திருக்க வேண்டியதில்லை, டிக்கெட் விலையும் குறைவு, கூட்டம் உட்கார்ந்து பார்க்கும். சிட்டி ஆடும் ஜோய் மைதானம் எதிஹாட் வளாகத்தில், டிராமிலேயே போகலாம்.

யுனைடெட் வழக்கமாக ஆடுவது லீ ஊரில். அங்கே ரயில் நிலையம் கிடையாது என்பதை மறந்து பலர் தவிக்கிறார்கள். மான்செஸ்டர் நடுவிலிருந்து வி1 பேருந்தில் லீ பேருந்து நிலையம் போய், அங்கிருந்து மைதானத்துக்கு டாக்சி எடுங்கள். நடை தூரம்தான், ஆனால் மூட்டுவலியோடு நடக்கும் தூரமில்லை. திரும்பும் டாக்சியை ஆட்டம் தொடங்குமுன் பேசிவையுங்கள். டிக்கெட்டை அந்தந்தக் கிளப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், வெளியூர் ரசிகர் பகுதி தனியாக இருந்தால் ஆர்சனல் தளத்தில். ஒரே நாளில் யுனைடெட் ஆண்கள் அணி ஓல்ட் டிராஃபோர்டில் ஆடினால் நகரம் நெரியும், ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.