பட்டறைக் கேள்வி பதில்: இரும்பு பிஸ்டனும் அலுமினிய பிஸ்டனும்

அந்தக் காலக் கார்களில் வார்ப்பிரும்பு பிஸ்டன்தானே? அலுமினியம் எப்படி நுழைந்தது? எடை குறைந்ததால் என்ன லாபம்?
– வாசகர், அஸ்தம்பட்டி

முன்கை எடுத்தவர்களில் முக்கியமானவர், பின்னாளில் பென்ட்லி கார் நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி. பிரான்ஸின் டி.எஃப்.பி. கார்களை லண்டனில் விற்றுவந்தார். 1913-ல் அந்தத் தொழிற்சாலைக்குப் போனவர், மேசையில் தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த அலுமினிய பிஸ்டனைப் பார்த்தார். 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு சேர்த்து வார்த்த பிஸ்டன்களை எஞ்சினில் போட வைத்தார். அந்த 2 லிட்டர் வண்டி 1914 டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் ஆறாவதாக வந்தது.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 130 மி.மீ. உள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். பிஸ்டனில் 100 கிராம் குறைந்தாலே, அது திரும்பும் முனையில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) தாங்கும் இழுவை 45 கிலோவுக்கு மேல் குறையும். சுற்று இரண்டு மடங்கானால் இந்தக் கணக்கு நான்கு மடங்கு. சுற்றைக் கூட்டாமல் ஓட்டுபவருக்கு லாபம் குறைவுதான்.

660 டிகிரியில் உருகும் உலோகம் எரியறைக்குள் எப்படித் தாங்கும் என்று அன்று பலர் பயந்தார்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பிஸ்டன் தலையில் ஏறும் சூடு, ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். நிஜச் சிக்கல் விரிவுதான். 150 டிகிரி ஏறினால் 70 மி.மீ. இரும்பு பிஸ்டன் 0.11 மி.மீ. விரியும், அலுமினியமோ 0.24. சிலிண்டர் 80 டிகிரி ஏறி 0.06 மட்டும் விரிகிறது. ஆக, குளிர்ந்த நிலையில் அலுமினிய பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.18 மி.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். விட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்'. விடாவிட்டால் பாதி வழியில் ஜாம். இதற்காகத்தான் பிறகு பாவாடைப் பகுதியை (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் சுவர்) பிளந்தார்கள், லேசாக நீள்வட்டமாகக் கடைந்தார்கள், சிலிக்கான் சேர்த்து விரிவைக் குறைத்தார்கள்.

1940-களின் ஆறு சிலிண்டர் செவர்லே, எஞ்சின் பிரித்தாயிற்று. உள்ளே இரும்பு பிஸ்டன். அலுமினியம் போடலாமா?
– வாசகர், ஏற்காடு

போடலாம். செவர்லேயே 1953-ல்தான் அலுமினியத்துக்கு மாறத் தொடங்கியது.

ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மாற்றினால் எஞ்சின் உதறும். ஆறுக்குள்ளும் எடை வித்தியாசம் 3 கிராமுக்குள் இருக்கட்டும். கூடினால் பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடில் மாட்டும் ஊசி) நுழையும் துளையைச் சுற்றிய உள்பக்கத்தில் மட்டும் சீவுங்கள், தலையில் கை வைக்க வேண்டாம். பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். கூடினால் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) இடிக்கும்.

சிலிண்டர் போரை மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்கவும். பிஸ்டனை, அதன் பின் ஊசிக்குக் குறுக்கே, பாவாடையில் அளக்கவும். வெயிலில் கிடந்ததை அப்படியே அளக்காதீர்கள்: 89 மி.மீ. பிஸ்டனில் 20 டிகிரி வித்தியாசமே 0.04 மி.மீ. காட்டிவிடும். மேலே சொன்ன 0.18 கணக்கு பழைய உருளை பிஸ்டனுக்கு; இன்றைய நீள்வட்ட பிஸ்டனுக்குத் தயாரிப்பாளர் தரும் எண்ணை மட்டும் பின்பற்றுங்கள், அது குறைவாகவே இருக்கும். ரிங் வாய் இடைவெளி (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

புது பிஸ்டன்கள் ஓட்டத்துக்குப் பழகும்வரை ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுமையோடு ஏற்ற வேண்டாம். சேலம் சமவெளியிலேயே ஓட்டிப் பழக்குங்கள்.

சேர்வராயன் மலை பாக்சைட்டில் பிஸ்டன் செய்யலாமா?
– வாசகர், ஓமலூர்

பாக்சைட் அலுமினியத்தின் தாது; அதிலிருந்து அலுமினியம் வரும், பிஸ்டன் நேரடியாக வராது. மேட்டூரில் 1965-ல் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு அந்த மலையிலிருந்து பாக்சைட் போனது. சுமார் 4 டன் பாக்சைட்டில் 2 டன் அலுமினா (அலுமினிய ஆக்சைடு), அதில் 1 டன் உலோகம். தூய அலுமினியம் மெத்தென்றிருக்கும். பிஸ்டனுக்கு 12 சதவீதம் வரை சிலிக்கானும் கொஞ்சம் செம்பு, நிக்கலும் சேர்க்க வேண்டும். பழைய பாத்திரத்தை உருக்கி பிஸ்டன் வார்ப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரிங் பள்ளம் சீக்கிரமே அகன்று எண்ணெய்ப் புகை தள்ளும்.