பாரம்பரிய அரிசி விற்கும் இணையக் கடையின் பொருள் பட்டியலைக் குழப்பமில்லாமல் வைத்துக்கொள்வது எப்படி?

கேட்டவர் திருவாரூர் பக்கம் பாரம்பரிய அரிசி விற்கிறார். நாலைந்து ரகத்தோடு தொடங்கிய இணையக் கடையில் இப்போது அரிசி, அவல், மாவு எல்லாம் கலந்து கிடக்கின்றன, இருப்பும் ஒத்துவரவில்லை என்கிறார். மன்னார்குடியில் ஓர் உழவர் குழுவுக்கு நானும் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு ஒரு நோட்டில் முடிவு செய்யுங்கள்: எது தனிப் பொருள், எது ஒரே பொருளின் வேரியன்ட்? என் அளவுகோல் எளிது. படம் மாறினால் தனிப் பொருள். படம் அப்படியே இருந்து எடை மட்டும் மாறினால் வேரியன்ட். மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் ஒரு பொருள், 1 கிலோவும் 5 கிலோவும் அதன் வேரியன்ட். அதே ரகத்தின் பச்சரிசி தனி, அவல் தனி, மாவு தனி. ஊறவைக்கும் நேரம், சமைக்கும் விதம், வாங்குகிற ஆள் எல்லாமே வேறு. ஜி.எஸ்.டி. கணக்கும் அப்படித்தான் பிரிகிறது: வரிக்கான பொருள் குறியீடு (எச்.எஸ்.என்.) அரிசிக்கு 1006, அரிசி மாவுக்கு 1102, அவலுக்கு 1904. மூன்றையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் பில் போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். எடையிலும் கவனம் வேண்டும். 2022 ஜூலை 18 முதல், லேபிளோடு பொட்டலமிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி உண்டு. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை.

இருப்பு ஒத்துவராததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: கடை மென்பொருள் பாக்கெட்டை எண்ணுகிறது, உங்கள் கிடங்கில் இருப்பதோ மூட்டை. ஒரே மூட்டையிலிருந்துதான் 1 கிலோவும் 5 கிலோவும் போகின்றன, மாவும் அதிலிருந்தே அரைபடுகிறது. அதனால் உண்மையான இருப்பைக் கிலோவில், தனியாக ஒரு ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டி முடித்ததை மட்டும் கடையில் ஏற்றுங்கள். நெல்லாக இருப்பதை அரிசிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபதிலிருந்து எழுபது கிலோ அரிசிதான் தேறும், அதுவும் ரகத்துக்கு ரகம், மில்லுக்கு மில் மாறும்.

அப்புறம் எஸ்.கே.யூ., அதாவது ஒவ்வொரு பொட்டல வகைக்கும் நீங்களே வைக்கும் குறியீடு. ரகம், பதம் (புழுங்கலா, பச்சரிசியா, அவலா, மாவா), எடை மூன்றும் போதும். விலை, விவசாயி பெயர், அறுவடை ஆண்டு எதுவும் அதற்குள் வரக் கூடாது, ஏனென்றால் அவை மாறும். அவற்றுக்குப் பட்டியலில் தனி நெடுவரிசை போடுங்கள். பட்டியலை எக்செல்லில் திருத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 13 இலக்க பார்கோடும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சாதாரண நெடுவரிசையில் இருந்தால் எக்செல் சுருக்கிக் காட்டும். கடையில் ஏற்றும் கோப்பு வடிவமான சி.எஸ்.வி.யாக அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் நடப்பது, தீர்ந்த ரகத்தின் பக்கத்தையே அழித்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காட்டுயானம் மாதிரி நீண்ட நாள் ரகம் சம்பா பட்டத்தில் மட்டும்தான் வரும்; ஆவணியில் தீர்ந்தால் அடுத்த வரவு தை, மாசியில்தான். பக்கத்தை அழித்தால் அதில் வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்தும் போகும், கூகுளில் அதற்கு இருந்த இடமும் போகும். ‘இருப்பு இல்லை’ என்று மாற்றி, ‘அடுத்த அறுவடை தை மாதம்’ என்று ஒரு வரி எழுதி, வந்ததும் சொல்ல வாட்ஸ்அப் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்கார் குறுகிய நாள் ரகம், குறுவைக்கும் போடுவார்கள். ஆனால் குறுவை மேட்டூர் தண்ணீரை நம்பியது. வழக்கப்படி ஜூன் 12இல் அணை திறந்ததா என்று பார்க்காமல் பூங்காருக்கு வரவுத் தேதி போடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நான் கறார். கவுனி அரிசியைக் கவுணி என்றும் கவனி என்றும் தேடுவார்கள். தலைப்பில் ஒரே வடிவம், மற்றவை எல்லாம் தேடலுக்கு உதவும் டேகில். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்து, விதையாக உழவர்களிடம் பரப்பினார். அப்படி மீண்டுவந்த ரகத்தை ‘சிவப்பரிசி’ என்று பொதுவாகப் போட்டு விற்பது எனக்கு மனசு ஒப்பாது. ரகப் பெயரும் விளைந்த ஊரும் பக்கத்தில் இருக்கட்டும்.

விளக்கத்தில் ‘சர்க்கரை நோய் தீரும்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. 2018ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிமுறைகள் நோய் தீர்க்கும் என்று சொல்லி உணவை விற்க இடம் தரவில்லை. அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எத்தனை விசில், சோறு எந்த நிறத்தில் வரும் என்று எழுதுங்கள். எம்.ஆர்.பி., நிகர எடை, பொட்டலமிட்டவர் முகவரி, உற்பத்தி நாடு, புகார் தொடர்பு எண் இவையும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இப்போதைய பட்டியலைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதிகம் விற்கும் ஒரு ரகத்தை மட்டும் புது முறைக்குக் கொண்டுவந்து ஏற்றுங்கள். இரண்டு ஆர்டர் சரியாகப் போய், ஷீட்டில் கிலோவும் சரியாகக் குறைந்தால் அடுத்த ரகத்துக்குப் போகலாம்.