சந்நியாசிகள் யாத்திரை போகிற நேரத்தில் உள்ளூர் மக்களுக்கு உதவி செய்யலாமே?

'எங்கள் ஊர் மடத்துச் சாமியார்கள் வருடத்தில் பாதி நாள் காசி, பத்ரி என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தையும் பணத்தையும் ஊரில் இருக்கிற ஏழைகளுக்குச் செலவிட்டால் என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை நான் ஒரு சாமியாரின் முகத்துக்கு நேரே, கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலத்தில் குகை என்கிற பகுதியில் எனக்கு மருந்துக்கடை. அப்பா தறி ஓட்டினவர், நான் பி.பார்ம் படித்துக் கடை வைத்தேன். பதினாறு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் உள்ள ஒரு சின்ன மடத்துச் சாமிகளோடு சேர்வராயன் மலைக்கு மருத்துவ முகாமுக்குப் போய் வருகிறேன். மடத்தின் பெயரைப் போடவில்லை, அவர்களுக்கு அது பிடிக்காது. நாலு சாமிகள், ஒரு ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, இவ்வளவுதான் மடம்.

நான் போக ஆரம்பித்த இரண்டாவது வருடம், முகாமை முன்னின்று நடத்திய பெரிய சாமி நர்மதா பரிக்கிரமாவுக்குப் போகிறேன் என்றார். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். 'மூணு வருசத்துக்கு மேல ஆகும்' என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. 'இங்கே மாசாமாசம் உங்களை நம்பி நூறு பேர் காத்திருக்காங்க சாமி. ஒரு ஆத்தைச் சுத்தி வர்றதுல அவங்களுக்கு என்ன கிடைக்கும்?' என்றேன். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. 'போய்ட்டு வந்து சொல்றேன்' என்று மட்டும் சொன்னார்.

பரிக்கிரமா என்றால் என்ன என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. நர்மதை 1,312 கி.மீ. ஓடுகிற ஆறு. அதை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கரையில் கடல் வரைக்கும் நடந்து, மறு கரையில் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்கேயும் ஆற்றைக் கடக்கக் கூடாது. கடலோடு சேருகிற இடத்தில் மட்டும் படகு. அமர்கண்டக்கில் தொடங்குவார்கள், ஓங்காரேஸ்வரத்திலும் தொடங்குவார்கள். பழைய முறைப்படி மூன்று வருடம், மூன்று மாதம், பதின்மூன்று நாள் கணக்கு. மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்கிவிட வேண்டும். சாமி பழைய முறைப்படிதான் போனார். கையில் காசு வைத்துக்கொள்ளவில்லை. செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: சேலத்திலிருந்து போன ரயில் டிக்கெட்டும் திரும்பி வந்த டிக்கெட்டும் தவிர மடத்துக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அந்தக் கரை முழுவதும் 'சதாவ்ரத்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பரிக்கிரமாவுக்கு வருகிறவருக்கு ஊர்க்காரர்கள் கோதுமை மாவு, பருப்பு, உப்பு கொடுப்பார்கள், அவர் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவார். பணக்காரர்கள் நடத்துகிற சத்திரமும் உண்டு. ஆனால் வழியில் பல இடங்களில் கோண்ட், பில் பழங்குடிகளின் கிராமங்கள். அங்கே கொடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

திரும்பி வந்தபோது சாமி பாதியாகக் குறைந்திருந்தார். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. அடுத்த முகாமுக்கு ஜீப்பில் குப்பனூர் பாதையில் ஏறும்போது, நான் கேட்காமலேயே சொன்னார்.

ஒரு பில் குடிசை. வீட்டில் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். பரிக்கிரமா போகிறவர்கள் சொல்கிற 'நர்மதே ஹர்' என்று சாமி குரல் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா உள்ளே போய் மாவு டப்பாவை எடுத்து வந்து இவர் விரித்த துணியில் கவிழ்த்தார்களாம். கடைசியில் டப்பாவின் அடியைக் கையால் வழித்துப் போட்டிருக்கிறார்கள். டப்பா காலியானதைப் பார்த்துவிட்டு இவர் வேண்டாம் என்று துணியை இழுத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. 'நீங்க வாங்காம போனா, மாயி என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போன மாதிரி' என்று சொன்னார்களாம். மாயி என்றால் அங்கே நர்மதைத் தாய். இவர் வாங்கிக்கொண்டார்.

'முப்பது வருசமா கொடுக்கிற இடத்துலயே உட்கார்ந்திருக்கேன். வாங்கிக்கிறது எப்படின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது' என்றார். பிறகு மலை ஏறும் வரைக்கும் பேசவில்லை.

அன்றைய முகாமில் அவர் செய்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் போனது மாரமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அதுவரை எங்கள் முகாம் எப்படி நடக்கும் என்றால், மேஜை போடுவோம், பேனர் கட்டுவோம், வரிசையில் நிற்கச் சொல்வோம். ஒரு மார்கழியில் கம்பளி கொடுத்தபோது வரிசையில் தள்ளுமுள்ளு ஆகி ஒரு பாட்டி கீழே விழுந்து கை பிசகியது. அந்த வரிசையை ஒழுங்கு செய்துகொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அன்று சாமி இறங்கியதும் மேஜை எதையும் இறக்க வேண்டாம் என்றார். தோளில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டு வாசலில் போய்ப் பிட்சை கேட்டார். சந்நியாசிகளுக்கு இது பழைய விதி. பூவைக் கசக்காமல் தேன் எடுக்கிற வண்டு மாதிரி வீட்டுக்குக் கொஞ்சமாக வாங்க வேண்டும், அதனால் மதுகரி என்று பெயர். ஊர்க்காரர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்து கொடுக்க வந்த சாமி நம்மிடம் சோறு கேட்கிறாரே என்று. ஒரு வீட்டில் கேழ்வரகுக் களி, ஒரு வீட்டில் கீரைக் கடைசல், இன்னொரு வீட்டில் மிளகு போட்ட ரசம். திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சுற்றி ஊர் கூடிவிட்டது.

களி போட்ட பெண், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே, 'எங்க மாமனாரும் சாமியைப் பாக்கணும்னு சொல்லுவாரு, எந்திரிக்க முடியல' என்றார். ஏன் என்று கேட்டால், காலில் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. மேட்டில் காப்பித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வீடு. இத்தனை வருடம் முகாம் நடத்தியிருக்கிறோம், அவர் ஒரு முறைகூட எங்கள் கணக்கில் வந்ததில்லை. நடக்க முடிந்தவர்கள்தானே வரிசைக்கு வருவார்கள்? டாக்டரும் நானும் சாமியும் ஏறிப் போனோம். கதவைத் திறந்ததுமே வாடை. சர்க்கரை பார்த்தால் நானூறைத் தாண்டியிருந்தது. காலைச் சுற்றியிருந்த பழந்துணியை சாமிதான் வெந்நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தார். ஒரு மணி நேரம் ஆனது. அன்று மாலையே எங்கள் ஜீப்பில் படுக்க வைத்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது.

அன்றிலிருந்து அதுதான் முறை. முதலில் பிட்சை, அப்புறம் முகாம். யார் வரவில்லை, யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்த வீட்டில் கண் தெரியாமல் ஒருவர் முடங்கிக் கிடக்கிறார் என்பதெல்லாம் அந்தத் திண்ணையில்தான் தெரியவரும். பேனர் நின்றுவிட்டது. கம்பளியை இருட்டியபிறகு வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2021-ல் அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதனால் நாங்கள் இப்போது புண் கட்டுவது, கண்ணாடி வாங்கிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவது இவற்றில்தான் அதிகம் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது சின்ன விஷயமாகத் தெரியலாம். மலையிலிருந்து இறங்கி வருகிற ஒருவருக்கு எந்த வாசலில் சீட்டு வாங்குவது என்பதே பெரிய மலைதான்.

ஆக, யாத்திரை ஒரு பக்கம், சேவை இன்னொரு பக்கம் என்று நான் பிரித்து வைத்திருந்ததுதான் தப்பு. இது எங்கள் சாமி ஒருவருடைய கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சேலத்தில் ராமகிருஷ்ணா ரோட்டில் இருக்கிற ராமகிருஷ்ண மிஷன் ஆசிரமம் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சங்கத்தின் ஆரம்ப வரலாற்றையே பாருங்கள். விவேகானந்தர் பரிவ்ராஜகராக, அதாவது ஊர் ஊராக அலைகிற துறவியாக இருந்த காலத்தில், 1890-ல், ரிஷிகேசத்தில் கடும் காய்ச்சலில் விழுந்து சாகும் நிலைக்குப் போனார். கங்கைக் கரையில் நோயில் விழுகிற சாதுக்களைக் கவனிக்க ஆள் இல்லை என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார். பின்னாளில் தம் சீடர் கல்யாணானந்தரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். 1901-ல் ஹரித்வார் பக்கம் கன்கலில் சிகிச்சை தொடங்கியது. 1903-ல் நிச்சயானந்தர் வந்து சேர்ந்தார். இவர்கள் மருந்துப் பெட்டியோடு ரிஷிகேசம் வரைக்கும் நடந்தே போய், குடில் குடிலாக நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். மலம் அள்ளினார்கள், சீழ் துடைத்தார்கள். சந்நியாசி செய்கிற வேலையா இது என்று மற்ற சாதுக்கள் 'பங்கி சாது', அதாவது தோட்டிச் சாமியார் என்று ஏசி, பந்தியில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். கைலாச ஆசிரமத்துத் தன்ராஜ் கிரி என்ற பெரிய மகான் இவர்களைக் கூப்பிட்டுச் சபையில் மரியாதை செய்தபிறகுதான் அது ஓய்ந்தது. கல்யாணானந்தர் 1937-ல் காலமாகும் வரை அந்தச் சேவையை விடவில்லை. அவர்கள் தொடங்கியது இன்றைக்குப் பெரிய மருத்துவமனையாக நடக்கிறது. வழியில் ஒருவர் காய்ச்சலில் கிடந்ததிலிருந்து வந்தது அது.

சந்நியாசத்தின் பழைய விதியிலேயே நடையும் உண்டு, நிற்பதும் உண்டு. கிராமத்தில் ஓர் இரவு, பட்டணத்தில் ஐந்து இரவு, அதற்கு மேல் தங்காதே என்று ஒரு விதி. இடத்தின் மேலும் ஆட்களின் மேலும் ஒட்டுதல் வந்துவிடும் என்பதற்காக. மழைக்காலம் வந்தால் நடக்காதே, ஒரே இடத்தில் இரு என்று இன்னொரு விதி. ஈரத்தில் புழு பூச்சி காலில் மிதிபடும் என்பது காரணம். குரு பூர்ணிமா அன்று வியாச பூஜை செய்து சாதுர்மாஸ்ய விரதத்தில் உட்காருவார்கள். நான்கு மாதம் என்று பெயர் இருந்தாலும், பட்சம் ஒன்றை, அதாவது பதினைந்து நாளை, ஒரு மாதமாகக் கணக்கிட்டு இரண்டு மாதத்தில் முடிப்பதுதான் பெரும்பாலான மடங்களில் வழக்கம். பெரிய சாமி நர்மதைக்குப் போயிருந்த காலம் தவிர, எங்கள் மடத்தில் அந்த இரண்டு மாதம் நாலு பேரும் சேலத்தில்தான் இருப்பார்கள். மலையில் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எல்லாம் அதிகமாகிற நேரமும் அதுவே. மாதம் ஒரு முகாம் அப்போது மாதம் இரண்டாகிவிடும். மற்ற மாதங்களில் யாராவது ஒருவர் வழியில் இருப்பார், ஆனால் நாலு பேரும் சேர்ந்தாற்போல் கிளம்பினதே இல்லை. பெரிய சாமி நர்மதைக் கரையில் இருந்த மூன்றரை வருடத்தில் எங்கள் முகாம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நான் பயந்தது நடக்கவேயில்லை.

சரி, எல்லா யாத்திரையும் இப்படித்தானா என்றால் இல்லை. பக்தர்களிடம் பணம் வாங்கி, ஏசி பஸ் வைத்து, பத்து நாளில் பதினைந்து கோயில் காட்டுவதையும் இன்றைக்கு யாத்திரை என்றுதான் சொல்கிறார்கள். வயதானவர்கள் தனியாகப் போக முடியாத இடத்துக்கு அவர்களைக் கூட்டிப் போவது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாமியார் முன் சீட்டில் உட்கார்ந்து, போகிற ஊரில் எல்லாம் மாலை வாங்கிக்கொண்டு வந்தால் அதைச் சந்நியாச யாத்திரை என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே உங்கள் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். மடத்தில் கணக்குக் கேளுங்கள். உள்ளூரில் என்ன செய்கிறார்கள் என்று, அவர்களிடம் கேட்பதைவிட, செய்யப்பட்டதாகச் சொல்கிற இடத்துக்கே போய்ப் பாருங்கள். முடிந்தால் சாதுர்மாஸ்ய சமயத்தில் போங்கள், எல்லோரும் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள்.

பெரிய சாமிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, மலைக்கு மட்டும்தான் வருகிறார். போன மாதம் மடத்தில் இளையவர், பொறியியல் படித்துவிட்டு வந்த பையன், பத்ரிநாத்துக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு முகாமுக்கு வந்திருந்தார். கம்பளி வரிசையில் விழுந்த அந்தப் பாட்டி இன்னும் இருக்கிறார். வழியில் பசிக்கும் என்று கேழ்வரகு மாவை வறுத்து, சேலைத் துணியில் முடிந்து, அந்தப் பையன் கையில் கொடுத்தார். அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.