உப்பிய ஆடுகளும் ஓக்கின் காதலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாமஸ் ஹார்டியின் நாவல்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆங்கிலக் கிராமத்துக் காதலர்கள் நெருங்கிவரும் நேரம் பார்த்து ஆடு சாகிறது, அல்லது இடி இடிக்கிறது. வேளாண் கையேட்டுக்குள் காதல் கதையை ஒளித்து வைத்ததுபோல இருக்கிறது. பண்ணைப் பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படித்தால் குற்றமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குற்றமில்லை. ஆனால் காதலும் கூடவே போய்விடும்.

‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ (1874) நாவலின் நாயகன் கேப்ரியல் ஓக் நாலாவது அத்தியாயத்திலேயே கையில் ஆட்டுக்குட்டியுடன் போய்ப் பெண் கேட்டுவிடுகிறான். நாயகி பத்ஷெபா மறுத்துவிடுகிறாள். பிறகு அவள் பண்ணையிலேயே வேலைக்குச் சேர்கிறான்; அதற்குப் பிறகு அவன் சொல்வதெல்லாம் வேலை மூலமாகத்தான்.

ஆடுகள் வேலியை உடைத்து இளம் குளோவர் தீவனப்பயிரை மேயும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். முந்தின நாள்தான் ஓக்கை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறாள். வயிறு உப்பி ஆடுகள் விழுகின்றன; சிகிச்சை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ‘மரியாதையாகக் கேட்டால் வருகிறேன்’ என்கிறான். தன்னைக் கைவிட்டுவிடாதே என்று எழுதி அனுப்புகிறாள். வந்தவன் குழாய்க்குள் கூரான ஊசி பொருந்திய கருவியை ஆட்டின் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் குத்தி, ஊசியை மட்டும் உருவிவிடுகிறான். இரைப்பை இடப்பக்கம் இருப்பதால் குத்துவதும் அங்கேதான். குழாய் வழியே காற்று சீறுகிறது. இடம் கொஞ்சம் தப்பினாலும் ஆடு காலி. ஹார்டி கணக்கே கொடுக்கிறார்: மொத்தம் 57 ஆடுகள். 49 பிழைத்தன, 1 குத்து தவறிச் செத்தது, 4 அதற்கு முன்பே செத்தன, 3 தானாகவே தேறின.

கால்நடை மருத்துவர் படித்தால் இங்கே கொஞ்சம் முகம் சுளிப்பார். குளோவர் உப்புசத்தில் வாயு பெரும்பாலும் நுரையாக இருக்கும், குழாயில் எளிதில் வெளியேறாது. நுரையை உடைக்க எண்ணெய் புகட்டுவார்கள். 49 வெற்றி என்பது ஓக்குக்கு ஹார்டி காட்டிய சலுகை.

நீங்கள் சொன்ன இடி வருகிற இரவும் அப்படித்தான். திறந்த களத்தில் ஐந்து கோதுமைப் போர், மூன்று பார்லிப் போர். எல்லாம் இன்னும் அடிக்காத கதிர்க்கட்டுகளை அடுக்கிய குவியல்கள். மழை இறங்கினால் தானியம் போரிலேயே முளைத்துவிடும். ஆட்களெல்லாம் பிராந்தி குடித்து மட்டையாகிக் கிடக்க, ஓக் மனதுக்குள் விலை போடுகிறான்: கோதுமை 500 பவுண்டு, பார்லி 250. அந்த 750 பவுண்டை, இன்னொருவனைக் கட்டிக்கொண்டவளுக்காக, மின்னலுக்கு நடுவே போர் மேல் ஏறிக் காப்பாற்றுகிறான். ஆங்கில நாவலில் இதைவிட அழகான காதல் கணக்கு எனக்குத் தெரியாது.

‘டெஸ்’ஸில் (1891) வெண்ணெயில் பூண்டு வாடை வருகிறதே, அதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மாடு ஒரு வாய் காட்டுப்பூண்டு மேய்ந்தால் போதும், அன்றைய வெண்ணெய் முழுக்கக் கெட்டுவிடும். அந்த வாடை பாலுக்கு ஏறிவிடும். எனவே பால் பண்ணையே வரிசை கட்டிக் குனிந்து, புல்வெளியை அங்குலம் அங்குலமாகத் தேடுகிறது. மொத்தமாக ஆறு பூண்டுத் தளிருக்கு மேல் தேறவில்லை. நாயகி டெஸ்ஸை விரும்பும் ஏஞ்சல் கிளேர் அவளுக்குப் பக்கத்தில் நடப்பது மட்டும் தற்செயல் அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகும் தாண்டித்தான் தீருவேன் என்றால், ஸ்டெல்லா கிப்பன்ஸின் ‘கோல்ட் கம்ஃபர்ட் ஃபார்ம்’ (1932) இருக்கிறது. இந்த வகை நாவல்களை, குறிப்பாகக் கிராமத்துக் கதைகள் எழுதிய மேரி வெப்பின் பாணியை, கிண்டல் செய்து எழுதியது. அதில் மாடுகளின் பெயர்கள் கிரேஸ்லெஸ், பாயின்ட்லெஸ், ஃபெக்லெஸ், எய்ம்லெஸ். உணர்ச்சி பொங்கும் வர்ணனைகளுக்கு ஆசிரியரே பயண வழிகாட்டி நூல்களில் வருவதுபோல நட்சத்திரம் போட்டிருக்கிறார். மூன்று நட்சத்திரப் பத்திகளைத் தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அவற்றைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.