வேலை இல்லை என்கிறார்களே, கணினி விஞ்ஞானம் எடுக்கலாமா?

கேள்வி: மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவள். அவளது இசட் புள்ளிக்குப் பொறியியல் பீடம் எட்டாது. திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைக்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் பொறியியல் படிக்க வைக்கலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: கடன் வேண்டாம். திருகோணமலை வளாகம் இருக்கும் கோணேசபுரியில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் கூகுள் மட்டுமே 12,000 பேரை நிறுத்துவதாக அறிவித்தது. புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கும் சின்னச் சின்ன நிரல்களை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறது. ஆனால் உங்கள் மகள் வேலை தேடப்போவது மூன்று நான்கு வருடம் கழித்து. 2000ஆம் ஆண்டையொட்டி இணைய நிறுவனங்கள் சரிந்தபோதும் இதே பயம் இருந்தது. அமெரிக்காவில் கணினி விஞ்ஞானத்தில் புதிதாகச் சேர்வோர் 2007க்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். ஐபோன் வந்தது அதே 2007இல். அப்புறம் நிரலாளர்களுக்கு எவ்வளவு கிராக்கி என்பதை எல்லோரும் பார்த்தோம். இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சேரும் வருடத்துச் சந்தையை வைத்துப் படிப்பைத் தெரிவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், அவள் எப்படிப் படிக்கிறாள் என்பது. நிலாவெளியில் ஒரு விடுதிக்கு அறை பதிவு செய்யும் இணையத்தளம் செய்கிறாள் என்று வையுங்கள். பக்கங்களை சாட்ஜிபிடி எழுதித் தரும். சரி, சீசன் நேரம், கடைசி அறை ஒன்றுதான் மிச்சம், இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இருவருக்கும் அறை உறுதி என்று செய்தி போய்விட்டால்? முதலாமவரின் பதிவு முடியும்வரை அந்த அறைக்குரிய தகவலை வேறு யாரும் மாற்ற முடியாதபடி தரவுத்தளத்தில் பூட்டி வைக்க வேண்டும். இப்படி ஒரு சிக்கல் வரும் என்று முன்கூட்டியே யோசிக்கிறவருக்குத்தான் இனி மதிப்பு. தரவுத்தளம், இயங்குதளம் போன்ற அடிப்படைப் பாடங்கள் கற்றுத் தருவது இதைத்தான். நேர்முகத் தேர்விலும் அவளுடைய நிரலில் ஒரு வரியைக் காட்டி, “இது எதற்கு?” என்று கேட்பார்கள்.

தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் இடிப்பது ஆங்கிலம். அனுமதி கிடைக்கும்வரை வீட்டில் இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக நடத்தும் நிரலாக்கப் பாடநெறியை ஆங்கிலத்திலேயே தொடங்கட்டும். பைதான் என்ற நிரல்மொழியும் ஆங்கிலமும் சேர்ந்தே பழகும்.

ஒருவேளை இடம் கிடைக்காவிட்டாலும் கடனுக்குப் போகாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமான பிஐடியை வீட்டிலிருந்தே படிக்கலாம், வேலை செய்துகொண்டும் படிக்கலாம்.