கொறங்காட்டில் அரிப்பு ஓடை: மண் கொட்டி மூடலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு இருக்கிறது. கீழ்வேலி ஓரம் விழுந்த ஓடை, வருடாவருடம் மேட்டுப்பக்கக் கடவை (வேலி வாசலை) நோக்கி ஏறி வருகிறது. இப்போது இடுப்பளவு ஆழம். போன வருடம் டிராக்டரில் மண் கொட்டி மூடினோம். ஐப்பசி மழையில் அத்தனையும் போய்விட்டது. சிமெண்ட் தடுப்பு கட்டிவிடலாமா?

பதில்: சிமெண்ட் வேண்டாம். மண்ணும் இனிமேல் கொட்டாதீர்கள். புதுமண் இறுகாமல் கிடக்கும், முதல் வெள்ளமே அள்ளிப்போகும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இட்டேரித் (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) தண்ணீர் கடவு வழியே உள்ளே இறங்கி, மாட்டுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். மாடுகள் தினமும் ஒரே வழியில் போனால் புல் தேய்ந்து, தடமே வாய்க்கால் ஆகிவிடும். அதனால் கடவில் மண்ணை மேடு கட்டி, தண்ணீரை இட்டேரியிலேயே போக விடுங்கள். முடிந்தால் கடவையும் தண்ணீர்த் தொட்டியையும் ஓடையை விட்டுத் தள்ளி வையுங்கள். இதைச் செய்யாமல் கீழே என்ன கட்டினாலும் வீண்தான்.

அடுத்து ஓடையின் தலைப்பகுதி. அங்கே தண்ணீர் செங்குத்தாக விழுந்து அடிமண்ணைக் குடைகிறது, மேல்மண் சரிகிறது. ஓடை மேலேறுவது இப்படித்தான். அந்த விளிம்பை ஒரு அடி இறக்கத்துக்கு மூன்று அடி நீளம் என்ற கணக்கில் சரித்துவிட்டு, காட்டில் பொறுக்கிய கல்லை நெருக்கமாகப் பதியுங்கள்.

அப்புறம் ஓடைக்குள் கல் தடுப்புகள். உயரம் இரண்டு அடி போதும். தடுப்பின் இரண்டு முனையும் கரைக்குள் ஒன்றரை, இரண்டு அடி புதைந்திருக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். தண்ணீர் விழும் இடத்திலும் கல் பரப்புங்கள். கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் சமமாக இருப்பதுதான் சரியான இடைவெளி. நூறு அடிக்கு நாலு அடி சரிவு என்றால் ஐம்பது அடிக்கு ஒன்று வரும். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

இத்தனையும் புரட்டாசிக்குள் முடியட்டும். தடுப்புக்குப் பின்னால் வண்டல் தேங்கத் தேங்க கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். புதிதாக உருவிய விதை உறங்கும். போன வருட விதைதான் நன்றாக முளைக்கும். பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈரமண்ணில் பிசைந்து தூவி, லேசாக மூடினால் போதும். கரை மேல் இருபுறமும் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு வேலியாக்கிவிடுங்கள்.

ஓடையை ஒட்டிய பகுதியில் இரண்டு மழைக்காலம் மாடு நுழையக்கூடாது. வெள்ளாட்டுக்கும் அதே தடைதான், கிளுவைத் துளிரை அதுதான் முதலில் கடிக்கும். புல் வந்தால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். முதல் பெருமழை விட்டதும் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் தடுப்பின் ஓரத்தில் மண் கரைந்திருக்கிறதோ அங்கே அன்றே கல் வைத்துவிடுங்கள்.